வேர்ட்பிரஸா, ஹெட்லெஸ்ஸா, ஏஐயா: ஒரு பம்ப் கம்பெனியின் இணையதளக் கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் அப்பா தொடங்கிய பம்ப் கம்பெனி. போர்வெல் சப்மெர்சிபிளும் மோனோபிளாக்கும் தயாரிக்கிறீர்கள். 2017-இல் ஒருவர் வேர்ட்பிரஸில் இணையதளம் செய்து கொடுத்தார். இப்போது அது மெதுவாக ஓடுகிறது, ஒரு இடத்தில் கை வைத்தால் வேறொரு இடத்தில் உடைகிறது. ஒரு ஏஜென்சி, ‘வேர்ட்பிரஸ் காலம் முடிந்துவிட்டது, ஹெட்லெஸ்ஸுக்கு மாறிவிடுங்கள்’ என்று நாலரை லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. உங்கள் மைத்துனர், சிஎம்எஸ்ஸே (இணையதளத்தின் உள்ளடக்கத்தைச் சேமித்துத் திருத்த உதவும் வேர்ட்பிரஸ் போன்ற சாஃப்ட்வேர்) தேவையில்லை, ஏஐயிடம் சொன்னால் ஒரே மதியத்தில் முழு சைட்டையும் எழுதித் தந்துவிடும் என்கிறார். சேல்ஸ் மேனேஜரோ வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் போதும் என்கிறார். எந்த சிஎம்எஸ்ஸுக்கு எதிர்காலம் இருக்கிறது என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்போது போடும் பணம் ஐந்து வருடத்தில் மறுபடியும் வீணாகாமல் இருக்க எதில் போடுவது என்பது ஒன்று. கம்பெனியைப் பற்றிய தகவல் யார் கையில் இருக்கப்போகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சரி செய்துவிட்டால் முதலாவது பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். அதனால்தான் பதில் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

நான் பல வருடங்களாகத் தொழிற்சாலைகளுக்கும் மெஷின் தயாரிப்பாளர்களுக்கும் இணையதளம் செய்து, அதைப் பராமரித்தும் வருகிறேன். பம்ப், வால்வு, கிரைண்டர், ஸ்பின்னிங் உதிரிபாகம் இப்படிப்பட்ட கம்பெனிகள்தான் அதிகம். ஆகவே நான் சொல்வது உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தும். ஒரு நாளிதழுக்கோ, லட்சம் பொருள் விற்கும் ஆன்லைன் கடைக்கோ கணக்கு வேறு. அவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிஎம்எஸ் எதற்காக வந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தால் அது எங்கே போகும் என்று ஓரளவு தெரியும். டிரூபல் 2001-இல் வந்தது, வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு போன் நம்பரை மாற்ற வேண்டுமென்றாலும் சைட் செய்தவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் ஹெச்டிஎம்எல் கோப்பைத் திறந்து, திருத்தி, எஃப்டிபியில் ஏற்றுவார். சிஎம்எஸ் வந்தபின் ஆபீசில் டைப் அடிக்கத் தெரிந்த யாரும் அதைச் செய்ய முடிந்தது. இது ஒரு சாஃப்ட்வேர் போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வேலைகள் நடக்கின்றன. தகவலைச் சேமித்து வைப்பது ஒன்று. யார் திருத்தலாம், யார் ஒப்புதல் தர வேண்டும், போன மாதம் என்ன இருந்தது என்று பார்த்துக்கொள்வது இரண்டாவது. அதைப் பக்கமாக அலங்கரித்துக் காட்டுவது மூன்றாவது. இருபது வருடமாக இந்த மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. இப்போது தனித்தனியாகப் பிரிகின்றன. ‘சிஎம்எஸ் செத்துவிட்டது’ என்று பேசுபவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வேலையைத்தான் பார்க்கிறார்கள். அது மலிவாகிக்கொண்டே போகிறது, உண்மைதான். முதல் இரண்டும் மலிவாகவில்லை, உங்கள் தொழிலில் மலிவாகவும் போவதில்லை.

முதலில், வேர்ட்பிரஸ் ஐந்து வருடத்தில் காணாமல் போய்விடாது. இதை நான் உறுதியாகவே சொல்வேன். உலகத்தில் உள்ள இணையதளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அவ்வளவு பேர் தங்கியிருக்கும் ஒன்று அழிவதற்கே நீண்ட காலம் பிடிக்கும். அதன் ஜிபிஎல் உரிமமும் ஒரு காரணம். யார் கைவிட்டாலும் இன்னொருவர் அதன் நிரலை, அதாவது கோடை, எடுத்துத் தொடரலாம். வேர்ட்பிரஸே அப்படிப் பிறந்ததுதான். பி2 என்ற பழைய சாஃப்ட்வேர் கேட்பாரில்லாமல் நின்றபோது மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதை எடுத்து வளர்த்தார்கள்.

ஆனால் 2024-இல் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அதில் சிக்கிய ஒரு பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி) நான் கீழே சொல்லப்போகும் வழியிலும் வருகிறது. முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி என்ஜின் என்ற ஹோஸ்டிங் கம்பெனிக்கும் தகராறு முற்றி, செப்டம்பரில் அந்தக் கம்பெனி வேர்ட்பிரஸ்.ஆர்க் சர்வரிலிருந்து அப்டேட் எடுப்பது தடுக்கப்பட்டது. அக்டோபரில் அவர்களுடைய ‘அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ என்ற பிளகினின் இடத்தில், அதே கோடிலிருந்து செய்த ‘செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ வைக்கப்பட்டது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகு பழைய நிலை திரும்பியது. லட்சக்கணக்கான சைட்டுகள் நம்பியிருக்கும் பிளகின் அது. இதில் கவனிக்க வேண்டியது, யாருடைய டேட்டாவும் போகவில்லை. ஒவ்வொருவருடைய தகவலும் அவரவர் டேட்டாபேஸில்தான் இருந்தது. சாஃப்ட்வேர் இலவசமாகவும் திறந்ததாகவும் இருந்தாலும் அப்டேட் வரும் குழாய் ஒருவர் கையில் இருக்க முடியும் என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. கூடவே, தகவல் நம்மிடம் இருந்தால் குழாய்ச் சண்டையைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதும்.

சரி, ஹெட்லெஸ். காட்டும் வேலையைக் கழற்றிவிட்டு, சேமிப்பையும் திருத்துவதையும் மட்டும் சிஎம்எஸ் வைத்துக்கொள்ளும். தகவல் ஏபிஐ (ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி) வழியாக வெளியே போகும். அதை வாங்கி வேறு ஒரு புரோகிராம் பக்கமாகக் காட்டும். கான்டென்ட்ஃபுல், ஸ்ட்ராப்பி, சானிட்டி எல்லாம் இந்த வகை. தொழில்நுட்பமாக இது நல்ல யோசனை. ஒரே தகவல் இணையதளத்துக்கும், டீலர் ஆப்புக்கும், ஏற்றுமதி வாடிக்கையாளர் போர்ட்டலுக்கும், ஷோரூம் டிவி திரைக்கும் போக வேண்டுமென்றால் இதை விட்டால் நல்ல வழி கிடையாது. உங்களிடம் இருப்பது ஒரு இணையதளம், எண்பது சொச்சம் மாடல், மாதத்துக்கு நான்கைந்து திருத்தம். இதற்கு ஹெட்லெஸ் வைத்தால் ஒரு சைட்டைப் பராமரிப்பதற்குப் பதில் இரண்டைப் பராமரிப்பீர்கள். திருத்துபவர் ‘பிரிவியூ’ பார்க்கவே தனியாக ஏற்பாடு வேண்டும். முன்பக்கத்தை எழுதிய டெவலப்பர் வேலை மாறினால், ஒரு பேனரை நகர்த்தக்கூட, அவர் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க் (முன்பக்கத்தை எழுத உதவும் தயார் நிலைக் கருவித்தொகுப்பு) தெரிந்த இன்னொருவரைத் தேட வேண்டும். அந்த ஃபிரேம்வொர்க்குகளின் ஆயுளும் சின்னது. சில வருடங்களுக்கு முன்னால் எல்லோரும் கேட்ஸ்பி என்றார்கள். 2023-இல் நெட்லிஃபை என்ற நிறுவனம் அதை வாங்கியது, அதன் பிறகு அதன் வளர்ச்சி படுத்துவிட்டது. அதில் சைட் கட்டியவர்கள் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. ஏஜென்சி சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸ் தன் உள்ளடக்கத்தை ஏபிஐ வழியாகக் கொடுக்கிறது. நாளைக்கு டீலர் ஆப் வேண்டுமென்றால் இப்போதைய சைட்டிலிருந்தே தகவலை எடுக்கலாம், அந்தத் தகவல் ஒழுங்காக இருந்தால்.

‘ஒழுங்காக இருந்தால்’ என்றேன். முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது, அதனால் உங்கள் சைட்டில் ஒரு மாடலின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இந்தத் துறையில் நான் பார்க்கும் பக்கங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். மேலே பம்ப் படம், அதன் கீழே நான்கு வரி ஆங்கிலம், அப்புறம் அச்சுக் காடலாக்கிலிருந்து வெட்டி ஒட்டிய பெர்ஃபார்மன்ஸ் அட்டவணை, அதுவும் படமாக. சில இடங்களில் ‘டவுன்லோட் பிடிஎஃப்’ என்ற பட்டன் மட்டும். மொபைலில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் எண்கள் மங்கும். 5 ஹெச்பி, எத்தனை ஸ்டேஜ், எத்தனை மீட்டர் ஹெட்டில் (பம்ப் தண்ணீரைத் தள்ள வேண்டிய உயரத்தில்) நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், வி4-ஆ வி6-ஆ (4 இன்ச் போருக்கா 6 இன்ச் போருக்கா), அவுட்லெட் எத்தனை மில்லிமீட்டர், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, சப்மெர்சிபிளுக்கான ஐஎஸ் 8034 தர முத்திரை உண்டா, மின்சிக்கனத்துக்கான பிஇஇ ஸ்டார் எத்தனை, வாரண்டி எவ்வளவு என்று வாங்குபவர் கேட்கும் எல்லாமே அந்தப் படத்துக்குள் புதைந்து கிடக்கிறது. சைட்டின் டேட்டாபேஸுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு படக் கோப்பின் பெயர்தான்.

இதே தகவலை ஒவ்வொன்றும் ஒரு தனிக் கட்டமாக, அதாவது ஃபீல்டாக, வைத்துப் பாருங்கள். ஹெச்பி ஒரு ஃபீல்ட், ஹெட் குறைந்தது ஒரு ஃபீல்ட், அதிகபட்சம் ஒரு ஃபீல்ட், போர் அளவு ஒரு ஃபீல்ட். அப்போது வாடிக்கையாளர் ‘4 இன்ச் போர், சிங்கிள் ஃபேஸ்’ என்று வடிகட்டலாம். இரண்டு மாடலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பிடிஎஃப் காடலாக்கை அதிலிருந்தே தயாரிக்கலாம். மீட்டரில் ஒரு முறை எழுதினால் அடியிலும் சைட்டே கணக்குப் போட்டுக் காட்டும். விவசாயி யாரும் மீட்டரில் பேசுவதில்லை, ‘நானூறு அடி போர்’ என்றுதான் சொல்வார். போரின் ஆழமும் ஹெட்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியும். நீர்மட்டம், மோட்டாரை இறக்கிய ஆழம், பைப்பில் போகும் இழப்பு, தண்ணீர் ஏற வேண்டிய உயரம் எல்லாம் பார்க்க வேண்டும். அதை உங்கள் சர்வீஸ் ஆள் போனில் தினமும் விளக்கிக்கொண்டிருப்பார். அந்த விளக்கத்தை நல்ல தமிழில் ஒரு பக்கமாக எழுதி, அதோடு இந்த ஃபீல்டுகளை இணைத்தால் இந்தத் துறையில் மிகச் சிலரிடம் இருக்கும் ஒரு பக்கம் உங்களிடம் இருக்கும்.

மொழி விஷயத்திலும் இதுதான் கை கொடுக்கும். நீங்கள் தமிழ், ஆங்கிலம், இந்தி, மராத்தி என்று நான்கு மொழியில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கத்தையும் தனித்தனியாக டைப் செய்தால் ஒரு வருடத்தில் நான்கும் நான்கு எண் சொல்லும். ஆங்கிலப் பக்கத்தில் வாரண்டி 18 மாதம், இந்திப் பக்கத்தில் 12 மாதம் என்று நிற்கும் சைட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண்களை ஒரே இடத்தில் வைத்து, வார்த்தைகளை மட்டும் மொழிக்கு மொழி மாற்றினால் இந்தச் சிக்கல் எழாது. இன்னொன்று, உங்கள் பழைய தமிழ்க் காடலாக்கை டிடிபி ஆபரேட்டர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். அதை அப்படியே சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும் என்பதால்தான் அதைப் படமாகப் போட்டிருப்பார்கள். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இது எதிர்காலத்தோடு எப்படிச் சேர்கிறது என்றால், உங்கள் பக்கத்தை இனி மனிதர் மட்டும் படிக்கப்போவதில்லை. கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும் தேடல் முடிவுக்கு மேலேயே ஏஐ சுருக்கம் காட்டத் தொடங்கியது. சாட்ஜிபிடியிடம் நேரடியாகக் கேட்பவர்களும் பெருகுகிறார்கள். ‘இந்த மாடல் 100 மீட்டர் ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் தரும்’ என்று ஒருவர் கேட்கும்போது, பதில் உங்கள் சைட்டில் எழுத்தாக இருந்தால் அங்கிருந்து எடுக்க வாய்ப்பு உண்டு. படமாக இருந்தால், ஏதோ ஒரு மறுவிற்பனைச் சைட் அரைகுறையாக டைப் செய்து வைத்த எண்ணை எடுத்துச் சொல்லும். படத்திலிருந்தும் ஏஐ படிக்கும் என்று உங்கள் மைத்துனர் சொல்லலாம். படிக்கும்தான், ஆனால் நெருக்கமாக அடைத்த எண் அட்டவணையில் ஒரு வரி தள்ளிப் படித்தால் யாருக்கும் தெரியாது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் யாகூவும் சேர்ந்து 2011-இலேயே ஸ்கீமா.ஆர்க் என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். ‘இது பொருளின் பெயர், இது அதன் தன்மை, இது தயாரிப்பாளர்’ என்று இயந்திரத்துக்குப் புரியும்படி பக்கத்தில் குறித்து வைப்பதுதான் அது. தகவல் ஃபீல்டுகளில் இருந்தால் இதைச் செய்வது ஒரு நாள் வேலை. இல்லாவிட்டால் எண்பது பக்கத்திலும் கையால் செய்ய வேண்டும்.

இங்கே சந்தேகமானதையும் பிரித்துச் சொல்கிறேன். ஏஐ சுருக்கத்தால் உங்களைப் போன்ற கம்பெனிக்கு என்கொயரி எவ்வளவு குறையும் அல்லது கூடும் என்று யாராவது சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். செய்தித் தளங்களுக்கு நடப்பதை வைத்துப் பம்ப் கம்பெனிக்குக் கணக்குப் போட முடியாது. செய்தியைப் படித்தவர் அதோடு போய்விடுவார், பம்ப் வாங்குபவருக்குக் கடைசியில் ஒரு டீலர் நம்பர் வேண்டும். அதே மாதிரி, ஏஐக்காகவே ‘எல்எல்எம்ஸ் டெக்ஸ்ட்’ என்று ஒரு கோப்பை வைக்கச் சொல்லும் யோசனை 2024-இல் வந்தது. வைப்பதில் நஷ்டமில்லை, அதற்காகத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதை எல்லா ஏஐ நிறுவனங்களும் மதிக்கும் என்று இன்றைக்கு யாரும் உறுதி தர முடியாது.

இப்போது உங்கள் மைத்துனர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி முழு உண்மை. ஏஐயிடம் சொன்னால் பார்க்க அழகான சைட்டை மிக வேகமாகச் செய்து தருகிறது, நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அப்படிச் செய்யும் சைட்டில் உள்ளடக்கமெல்லாம் கோடுக்குள்ளேயே கலந்து நிற்கும். அடுத்த மாதம் செம்பு விலை ஏறி நீங்கள் விலைப் பட்டியலை மாற்றும்போது, யார் அந்தக் கோடைத் திறப்பது? ஏஐயிடமே மாற்றச் சொல்லலாம். மாற்றும்போது பக்கத்தில் இருந்த மற்றொரு எண்ணைத் தொடாமல் விட்டதா என்று யார் பார்ப்பது? 2003-க்கு முந்தைய நிலைக்கு, கொஞ்சம் வேகமாக, திரும்பிப் போவது போலத்தான் எனக்கு இது படுகிறது. உங்கள் தொழிலில் தவறான எண் வெறும் எழுத்துப் பிழையோடு நிற்காது. திண்டுக்கல்லில் ஒரு டீலர் சைட்டைப் பார்த்து ‘இது 120 மீட்டர் ஏற்றும்’ என்று சொல்லி விற்றுவிடுவார். வாங்கியவர் பைப்பும் கேபிளும் சேர்த்து இறக்கிவிட்டு, தண்ணீர் மேலே வராமல் நிற்பார். மோட்டாரை மறுபடி மேலே எடுக்கும் கூலி, கருகும் பயிர், கம்பெனி மேல் வரும் கோபம் எல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்து வரும். அதனால்தான் யார் திருத்தினார், யார் ஒப்புதல் கொடுத்தார், முன்னால் என்ன இருந்தது என்று காட்டும் அந்த இரண்டாவது வேலை, ஏஐ எழுதும் காலத்தில் முன்பைவிட முக்கியமாகிறது. வேகமாக எழுதும் கை கூடும்போது சரிபார்க்கும் இடமும் பலமாக இருக்க வேண்டும்.

மாறப்போவது திருத்தும் திரை என்று நினைக்கிறேன். இன்றைக்கு உங்கள் ஆபீஸ் பெண் அட்மினில் லாகின் செய்து, இடதுபக்க மெனுவில் தேடி, அப்டேட் பட்டனை அழுத்துகிறார். இனி அவர், ‘வி4 ஒன்றரை ஹெச்பி மாடல்களுக்கெல்லாம் வாரண்டியை 18 மாதமாக்கு’ என்று ஏஐயிடம் எழுதுவார். அது மாற்றத்தைத் தயார் செய்து, ‘இந்த ஏழு மாடலில் மாறும், சரியா?’ என்று உங்களிடம் கேட்கும். இதற்கான இணைப்பு முறைகள் வந்துவிட்டன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி அதில் ஒன்று, பல சிஎம்எஸ் நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொண்டு வருகின்றன. எவ்வளவு சீக்கிரம் சிறு கம்பெனிகளுக்கு வரும், நம்பிக் கொடுக்கும் அளவுக்கு எப்போது முதிரும் என்பது இன்னும் திறந்த கேள்விதான். ஆனால் ஃபீல்டுகளாக வைத்த தகவலில்தான் அந்தக் கட்டளை வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. படத்துக்குள் இருக்கும் வாரண்டியை யாராலும் அப்படி மாற்ற முடியாது.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டையும் விடாதீர்கள். டீலரோடு பேச வாட்ஸ்அப்பைவிட நல்லது இல்லை. ஆனால் கம்பெனியின் மூலத் தகவல் அங்கே மட்டும் இருக்கக் கூடாது. கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த பிசினஸ்.சைட் இணையதளங்கள் ஞாபகம் இருக்கிறதா? நம் ஊரில் எத்தனையோ கடைகள் அதை விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தன. 2024 மார்ச்சில் கூகுள் அவற்றை நிறுத்தியது. ஜூன் வரை அந்த முகவரி புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டது, அதற்குமேல் எதுவும் இல்லை. 2020 ஜூனில் டிக்டாக் தடை வந்தபோது அதில் மட்டும் வாடிக்கையாளரைச் சேர்த்தவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தார்கள். வாடகைக் கடையில் வியாபாரம் செய்யலாம், கணக்குப் புத்தகத்தை வீட்டுக்காரர் பூட்டுக்குள் வைக்கக் கூடாது.

விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், ஷாப்பிஃபை மாதிரி மாதக் கட்டணச் சேவைகளை நான் தள்ளிவிட மாட்டேன். வேர்ட்பிரஸை மாதம் ஒரு முறை கூடத் திறந்து பார்க்க ஆளில்லாத கம்பெனிக்கு அவை பாதுகாப்பானவை. அப்டேட், பேக்கப், செக்யூரிட்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. சேரும் முன் வெளியே வரும் வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷாப்பிஃபையில் பொருள் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்துவிடலாம். விக்ஸில் கட்டிய சைட்டை அப்படியே வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோக முடியாது. வேர்ட்பிரஸுக்குள்ளேயும் இந்தப் பொறி உண்டு. சில பழைய பேஜ் பில்டர் (பக்கத்தை இழுத்துப் போட்டு வடிவமைக்கும்) பிளகின்களை நிறுத்தினால் பக்கம் முழுவதும் சதுர அடைப்புக்குறிக் குறியீடுகளாக நிற்கும். 2017-இல் செய்த உங்கள் சைட் மெதுவாக ஓடுவதற்கு அப்படி ஒரு பில்டர் காரணமாக இருக்கலாம். சைட்டைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் அங்கேதான் தேடுவேன்.

பாதுகாப்பில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். வேர்ட்பிரஸில் வரும் ஓட்டைகளில் பெரும்பகுதி பிளகின்களிலும் தீம்களிலும்தான், மூல சாஃப்ட்வேரில் மிகக் குறைவு. அதுவும் காசு மிச்சமென்று யாரோ உடைத்துக் கொடுத்த ‘நல்டு’ தீமைப் போட்டிருந்தால், திருடனுக்குச் சாவியைச் சேர்த்தே கொடுத்ததாகிவிடும். இப்போதே கூகுளில் site என்று ஆங்கிலத்தில் போட்டு, முக்காற்புள்ளி வைத்து, உங்கள் டொமைனைத் தட்டித் தேடிப் பாருங்கள். ஜப்பானிய எழுத்தில் கைப்பை, வாட்ச் விற்கும் பக்கங்கள் வந்தால் உங்கள் சைட்டுக்குள் ஆள் புகுந்து வெகுநாளாகிறது என்று அர்த்தம். என்கொயரி ஃபார்மில் வந்த பெயரும் போன் நம்பரும் வருடக்கணக்காக டேட்டாபேஸில் கிடக்கும். படிப்படியாக அமலுக்கு வரும் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உங்களைப் பொறுப்பாக்குகிறது. அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்கள் அளவுக்கு அது வரும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தேவை முடிந்த தகவலை அழித்துவிடுங்கள், யார் யாருக்கு அட்மின் லாகின் இருக்கிறது என்று பாருங்கள், வேலையை விட்டுப் போனவர் பெயரை நீக்குங்கள். சைட்டில் போய்வரும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழின் அதிகபட்ச ஆயுளும் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளாகிறது. இன்னும் கையால் புதுப்பிக்கும் ஹோஸ்டிங்கில் இருந்தால், தானாகப் புதுப்பிக்கும் இடத்துக்கு இப்போதே மாறிவிடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். முதல் வாரத்தில் டொமைன் யார் பெயரில், எந்த மெயிலில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, கம்பெனி பெயருக்குக் கொண்டுவருவேன். ஹோஸ்டிங்கும், காசு கொடுத்து வாங்கிய பிளகின் லைசென்ஸும் அப்படியே. அதற்குப் பிறகு, சைட்டைத் தொடாமல், ஒரு எக்செல் தாள் திறப்பேன். ஒரு மாடலுக்கு ஒரு வரி, ஒரு தன்மைக்கு ஒரு நெடுவரிசை. டிசைன் ஆளையும் டெஸ்டிங் ஆளையும் சேர்த்து உட்காரவைத்து ஒவ்வொரு எண்ணுக்கும் கையெழுத்து வாங்குவேன். சலிப்பான வேலைதான், ஆனால் ஐந்து வருடம் கழித்தும், சிஎம்எஸ் எதுவாக மாறியிருந்தாலும் வீணாகாத ஒரே செலவு இதுதான். டிரூபல் 7-இல் சைட் வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2011-இல் வந்த அந்தப் பதிப்பின் ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்தது. அடுத்த பதிப்புக்குப் போவது ஏறக்குறைய புதிதாகக் கட்டுவதற்குச் சமம். தகவலைத் தனித்தனி ஃபீல்டுகளாக வைத்திருந்தவர்கள் அதை இறக்குமதி செய்துகொண்டார்கள். எல்லாவற்றையும் ஒரே பெரிய பெட்டியில் கொட்டி வைத்திருந்தவர்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்து வெட்டி ஒட்டினார்கள்.

எக்செல் தயாரானபின் அதே வேர்ட்பிரஸில் ‘பம்ப்’ என்று தனி உள்ளடக்க வகை ஒன்றை உண்டாக்கி, மேலே சொன்ன ‘அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ பிளகினால் ஃபீல்டுகளை வைத்து, தாளை இறக்குமதி செய்யச் சொல்லுங்கள். பேஜ் பில்டரைக் கழற்றிவிட்டு, வேர்ட்பிரஸோடு வரும் பிளாக் எடிட்டரில் ஓடும் எளிய தீம் போதும். பிளகின்களைப் பாதியாகக் குறையுங்கள். முக்கிய பகுதி இரண்டரை விநாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பண்ணையில் நின்று மொபைலில் பார்ப்பவருக்கும் அது கிடைக்கிறதா என்று சோதியுங்கள், ஆபீஸ் வைஃபையில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். இதற்கெல்லாம் அந்த நாலரை லட்சத்தில் பாதிகூட ஆகாது என்பது என் கணிப்பு. மிச்சத்தைத் தமிழிலும் இந்தியிலும் நல்ல விளக்கம் எழுத ஒருவருக்குக் கொடுங்கள். நாளைக்கு டீலர் ஆப்போ ஏற்றுமதி போர்ட்டலோ உண்மையாகவே வேண்டியிருந்தால், அன்றைக்கு ஹெட்லெஸ்ஸுக்குப் போகலாம், தகவல் தயாராக இருக்கும்.

ஏஜென்சியோடு மறுபடி பேசும்போது இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நாங்கள் விலகினால் எல்லா மாடல் தகவலும் எக்செல் அல்லது சிஎஸ்வியாகக் கிடைக்குமா? எங்கள் ஆபீசில் இருப்பவர் உங்களைக் கூப்பிடாமல் என்னென்ன மாற்றலாம்? இப்போது எழுதும் டெவலப்பர் போய்விட்டால், இதே வேலை தெரிந்தவர்கள் கோவையில் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அப்புறம், அந்த எக்செல் வேலையில் அச்சுக் காடலாக் ஒரு எண்ணும் டெஸ்டிங் ரிப்போர்ட் வேறொரு எண்ணும் சொல்லும் மாடல்கள் நிச்சயம் வரும். டெஸ்டிங் எண்ணை எடுத்துக்கொண்டு, பழைய பிடிஎஃப்பைச் சைட்டிலிருந்து அன்றைக்கே இறக்கிவிடுங்கள். டீலர் குரூப்பிலும் புதிய பக்கத்தின் லிங்க்கைப் போட்டு, பழைய காடலாக்கைப் பார்த்து யாரும் விலை சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.